டிசைன் ஃபோல்டர் காலி

குரு என்றால் நரைத்த தாடி, சீடன் என்றால் அரும்பு மீசை என்று அடம்பிடிக்கிறவர்கள் இந்தக் கதையை இங்கேயே விட்டுவிடலாம். இதில் குருவுக்கு வயது முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். பெயர் தில்ஷாத். சங்கத்துக் கம்ப்யூட்டரைச் சரிபார்க்கவும் சொல்லிக் கொடுக்கவும் சேலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். சீடருக்குத்தான் முக்கால் தலை நரைத்திருந்தது. அவர் மாதேஸ்வரன், ஓடைக்கரைப்பட்டி விசைத்தறிச் சங்கத்தில் வயர்மேனாகச் சேர்ந்து, சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு அதையும் பார்த்துக்கொள்கிறவர். தில்ஷாத்தை அவர் டீச்சரம்மா என்பார். அந்த அம்மா இவரை மாதேஸ்ண்ணா என்பார்.

மாதேஸ்வரன் நல்ல மனுஷர்தான். ஆனால் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஃபியூஸ் போனால் ஃபியூஸைத் திட்டுவார், ஸ்க்ரூ உருண்டால் ஸ்க்ரூவைத் திட்டுவார். அதெல்லாம் பரவாயில்லை, ஃபியூஸுக்குக் காது கிடையாது. மனுஷர்களுக்கு இருக்கிறதே, அங்கேதான் வம்பு.

சங்கத்தில் நடக்கிற வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். சேலையின் டிசைனைச் சௌடேஸ்வரி என்ற பெண் கம்ப்யூட்டரில் வரைவாள். வரைந்ததை டிசைன் ரூமில் இருக்கிற ஸ்டோரேஜ் பெட்டியில் போட்டு வைப்பாள். டிசைன் ரூம் கோயில் தெருவில் இருக்கிறது. சர்வர் இருப்பது சங்க ஆபீஸில். இரண்டுக்கும் நடுவில் கேபிள் ஓடுகிறது. சர்வரில் 'டிசைன்' என்று ஒரு ஃபோல்டர் வைத்து, அந்தப் பெட்டியைக் கேபிள் வழியாக அதில் சேர்த்திருந்தார்கள். தறிக்காரர் யாராவது சங்கத்தின் வெப் பக்கத்தைத் திறந்து டிசைன் நம்பரைத் தட்டினால், சர்வர் அந்த ஃபோல்டருக்குள் பார்த்து எடுத்துக் கொடுக்கும். அதைப் பென் டிரைவில் ஏற்றித் தறியில் சொருக வேண்டியது, தறி நெய்ய வேண்டியது. இவ்வளவுதான் சமாச்சாரம்.

அன்றைக்குத் தீபாவளிப் புது டிசைன் வர வேண்டிய நாள். பாவு ஏற்றி, நூல் போட்டு, எல்லாத் தறியும் தயாராக நின்றது. விடியற்காலையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. விடிந்ததும் தறிக்காரர்கள் நம்பரைத் தட்டினார்கள். 'கோப்பு இல்லை' என்று வந்தது. மறுபடி தட்டினார்கள். இல்லை. பழைய நம்பர்களைத் தட்டிப் பார்த்தார்கள். அதுவும் இல்லை! சங்கத்து முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. தறி நின்றால் தறிக்காரனுக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆளாளுக்குக் கத்தினார்கள்.

மாதேஸ்வரன் டீச்சரம்மா சொல்லிக் கொடுத்தபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். சர்வர் ஓடுகிறதா? ஓடுகிறது. வெப் பக்கம் திறக்கிறதா? திறக்கிறது. கேபிள் விளக்கு எரிகிறதா? பச்சையாக எரிகிறது. கடைசியில் சர்வரில் டிசைன் ஃபோல்டரைத் திறந்தார்.

ஒன்றுமே இல்லை. புது டிசைன் மட்டுமில்லை, இத்தனை நாளாக வரைந்து சேர்த்தது ஒன்றுகூட இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

அவர் ஃபோல்டரை மூடி மறுபடி திறந்து பார்த்தார். அப்போதும் காலிதான். அப்புறம் வழக்கமான கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெட்டியில் போடவும் அழிக்கவும் உரிமை இருப்பது ஒரே ஆளுக்கு, சௌடேஸ்வரிக்கு. போன வாரம் அந்த ஆள் வீட்டு வாசலில் வெளியூர்க் கார் ஒன்று நின்றதை அவரே பார்த்திருந்தார். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தார், கணக்குச் சரியாக வந்தது. தப்பான கணக்கு மட்டும் எப்படித்தான் இவ்வளவு சுளுவாகச் சரியாக வருமோ!

சௌடேஸ்வரியைக் கூப்பிட்டு விட்டார்கள். அவள் ஈரத் தலையோடு ஓடி வந்தாள். முற்றத்தில் கூட்டம் விலகி வழி விட்டது. மாதேஸ்வரன் ஆபீஸ் படியில் நின்றார்.

"ஏம்மா, டிசைன் எங்க?"

"பெட்டியில இருக்குங்ண்ணா. நேத்து சாயங்காலமே போட்டுட்டேன்."

"பெட்டியில ஒண்ணுமில்லை."

"இருக்குங்கறேன்."

"நான் என் கண்ணால பார்த்துட்டு வந்து சொல்றேன், நீ இருக்குங்கற. நேத்து போட்டது மட்டுமில்லை, எல்லாமே காலி. வழிச்சு எடுத்துட்டயே!"

அவள் முகம் சிவந்தது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"வழிச்சு எடுக்கறதுக்கு அது என்ன தோசை மாவா? ரூமைத் திறக்கறேன், வாங்க, வந்து பாருங்க."

"உன் ரூமுக்கு நான் எதுக்கு வரணும்? இங்கிருந்தே எனக்குத் தெரியுது. பெட்டியும் இதுவும் ஒண்ணுதான்."

"அந்தக் காரு யாருது?" என்று கூட்டத்தில் ஒருத்தர் குரல் கொடுத்தார்.

"எந்தக் காரு?"

"போன வாரம் உன் வாசல்ல நின்ன காரு."

"என் தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வந்தவங்க காரு. ஏன், உங்களையெல்லாம் கேட்டுட்டுத்தான் அவங்க வரணுமா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. ஓடைக்கரைப்பட்டியில் சேலை சந்தைக்குப் போகும் முன்னால் டிசைனை வெளியே விடுவதைப் போல் பெரிய துரோகம் கிடையாது. அப்படி ஒரு பேர் வந்துவிட்டால், அந்த ஆளிடம் எந்தத் தறிக்காரனும் ஒரு கரை வரையக்கூடக் கொடுக்க மாட்டான். அந்த வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட யோசித்துத்தான் போவார்கள். இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், சௌடேஸ்வரிக்கும் தெரியும், மாதேஸ்வரனுக்கும் நன்றாகவே தெரியும்.

தெரிந்தும் அவர் சொன்னார்.

"வெளியூர்க்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துட்டு, இங்க வந்து வாயாடறா. திருடி!"

சௌடேஸ்வரி அவரையே பார்த்தாள். அழுவாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை.

"சொல்லிட்டீங்கல்ல. எல்லாரும் கேட்டாங்கல்ல. சரி."

சங்கத் தலைவர் ராஜகணபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, டிசைன் ரூம் சாவியைக் கொடுத்துவிடும்படி சொன்னார். அவள் சாவியை இடுப்பிலிருந்து உருவித் தரையில் விட்டெறிந்தாள். அது சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு போய் யாரோ ஒருவர் செருப்பில் முட்டி நின்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

"டீச்சரம்மா வந்து பார்த்துடட்டும். அவங்களும் ஆமான்னா, மத்தியானமே ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துடுவோம்" என்றார் தலைவர்.

தில்ஷாத் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மாதேஸ்வரன் ஸ்டாப்பில் நின்றார். ஆபீஸ் போய்ச் சேரும் வரை பொரிந்து தள்ளினார். பெட்டி காலி, கார், தங்கச்சி, வாயாடினது, சாவியை எறிந்தது என்று ஒன்று விடவில்லை. தில்ஷாத் கேட்டுக்கொண்டே நடந்தார். ஆபீஸில் செருப்பைக் கழற்றினார், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார், நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க பார்த்தீங்கண்ணா?"

"ஃபோல்டர்லதான்."

"எந்த ஃபோல்டர்ல?"

"டிசைன் ஃபோல்டர்ல. வேற எதுல பார்ப்பாங்க? நீங்களே பாருங்க."

படக்கென்று திறந்து காட்டினார். காலி. தில்ஷாத் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார்.

"அதுல ஒரு ஃபைல் போடுங்க."

"என்ன ஃபைல்?"

"ஏதாவது எழுதிப் போடுங்க. மனசுல என்ன இருக்கோ அது."

மாதேஸ்வரனுக்கு மனசில் ஒன்றுதான் இருந்தது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். 'சௌடேஸ்வரி திருடி' என்று அடித்து, ஃபோல்டரில் போட்டார். காலியாக இருந்த ஃபோல்டரில் அந்த ஒரே ஒரு ஃபைல் வந்து உட்கார்ந்தது. தில்ஷாத் அதைப் படித்தார்.

"போட்டாச்சு. இப்ப என்ன?"

"டிசைன் ரூமுக்குப் போங்க. பெட்டியை அங்கயே நேரா திறங்க. நீங்க எழுதினதை அதுல இருந்து எடுத்துட்டு வாங்க."

"அதான் இங்கயே இருக்குதே!"

"அங்கயும் இருக்கணுமில்ல. ரெண்டும் ஒண்ணுதான்னீங்களே?"

"டீச்சரம்மா, வெளிய அத்தனை பேர் நின்னுட்டிருக்காங்க. தறி நின்னு போய்க் கிடக்குது. இப்பப் போய் எனக்குப் பாடம் எடுக்கறீங்களே!"

"போயிட்டு வாங்கண்ணா."

தலைவரிடம் டிசைன் ரூம் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். நடையா அது! செருப்பு தரையை அறைந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய மனுஷனை அலைய விடுவதில் ஒரு சந்தோஷம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். இரண்டு பக்கமும் தறிக்கூடங்கள் சத்தமில்லாமல் கிடந்தன. மற்ற நாளில் அந்தத் தெருவில் அந்த நேரத்தில் பேசினால் கத்தித்தான் பேச வேண்டும். அன்றைக்கு இட்லிக் கடையில் பேசியது அட்சரம் அட்சரமாகக் காதில் விழுந்தது.

"டிசைனை எல்லாம் அழிச்சதுமில்லாம கம்ப்யூட்டரையே போட்டு உடைச்சுட்டாளாமே!"

"யாரு சொன்னது?"

"மாதேஸ் பார்த்தாராம்."

மாதேஸ்வரன் நின்றார். "உடைச்சான்னு நான் எப்பய்யா சொன்னேன்?" என்று கேட்டார்.

"உடைக்கலையா?"

"உடைக்கலை."

"ஆனா திருடினது நிசந்தானே?"

அவர் நடையை எட்டிப் போட்டார். எவனுக்கும் சொன்னதைச் சொன்னபடி சொல்லத் தெரியவில்லை என்று அவர்கள் மேலும் கோபம் வந்தது. கோயில் தெரு முனையில் சௌடேஸ்வரி வீடு. எப்போதும் விரியத் திறந்து கிடக்கிற கதவு பட்டப்பகலில் சாத்தியிருந்தது. அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார்.

டிசைன் ரூமைத் திறந்தார். உள்ளே எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மேஜைக்கு அடியில் ஸ்டோரேஜ் பெட்டி மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டு, பெட்டியை நேராகத் திறந்தார்.

நிறைந்து கிடந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே இறக்கினார், இறக்கினார், முடியவே இல்லை. பொங்கலுக்கு நெய்த மயில் கரை இருந்தது. ஆடிக்கு நெய்த கோபுரக் கரை இருந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில், நேற்றுச் சாயங்காலத் தேதியோடு, தீபாவளி டிசைன் இருந்தது. அதைத் திறந்தார். அரக்குக் கரையில் தாழம்பூ வரிசை, முந்தியில் பெரிய மாங்காய்கள். ஒரு புள்ளி குறையாமல் இருந்தது. எத்தனை நாள் உட்கார்ந்து வரைந்திருப்பாளோ, என்னமோ.

அவர் எழுதின ஃபைலைத் தேடினார். பெயரை அடித்துத் தேடினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுத் தேடினார். அது அங்கே இல்லை. அங்கே இருந்ததெல்லாம் சௌடேஸ்வரி போட்டதுதான்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. சட்டென்று எழுந்துகொண்டார்.

திரும்பி வரும்போது முற்றத்தில் நாலு பேர் மறித்தார்கள். என்னாச்சு, என்னாச்சு என்றார்கள். யாருக்கும் முகம் கொடுக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சாத்தினதும் வெடித்தார்.

"என்ன டீச்சரம்மா இது, கண்கட்டு வித்தையா? அங்க எல்லாம் இருக்குது! இங்க ஒண்ணுமில்லை! நான் எழுதினது இங்க இருக்குது, அங்க இல்லை!"

"காலையில கரண்ட் போச்சா?"

"போச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"கரண்ட் வந்ததும் சர்வர் சீக்கிரம் எந்திரிச்சிடும். பெட்டி மெதுவாத்தான் எந்திரிக்கும். சர்வர் கூப்பிட்டப்ப பெட்டி பதில் சொல்லலை. அதனால பெட்டி சேரவே இல்லை. சேராமலே சர்வர் வேலையை ஆரம்பிச்சிடுச்சு."

"அப்ப நான் பார்த்த ஃபோல்டரு?"

"பெட்டியைச் சேர்க்கறதுக்காக நாம சர்வர்ல போட்டு வெச்ச ஃபோல்டர். பெட்டி சேர்ந்தா அதுல பெட்டியில இருக்கறது தெரியும். சேரலைன்னா அது வெறும் ஃபோல்டர். பேரு மட்டும் அதேதான்."

"நான் பெட்டியில ஒண்ணுமில்லைன்னு…"

"பெட்டிக்குள்ள நீங்க போகவே இல்லைண்ணா."

மாதேஸ்வரன் மேஜையைக் குத்தினார். தண்ணீர்ச் சொம்பு ஆடியது.

"இந்தச் சனியன் பிடிச்ச சர்வர் சொல்லியிருக்கணுமில்ல! பெட்டி சேரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் கத்தப் போறேன்? நம்பரைத் தட்டினா இல்லை, இல்லை, இல்லைன்னு சொல்லிட்டே இருந்துச்சே!"

"அது இல்லைன்னுதான் சொல்லுச்சு. திருடின்னு சொல்லலை."

கோபம் எங்கேயாவது போய் விழுந்தாக வேண்டுமே, அது இப்போது டீச்சரம்மா மேலேயே திரும்பியது.

"நீங்க எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கணும். சர்வர் ஓடுதா பாரு, பக்கம் திறக்குதா பாரு, கேபிளைப் பாரு, ஃபோல்டரைப் பாருன்னீங்க. பார்த்தேன். பெட்டி சேர்ந்திருக்குதான்னு பாருன்னு சொன்னீங்களா?"

"சொல்லலை. சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு பேச்சுக்காவது மறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம். தப்பை இவ்வளவு சுலபமாக ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டால் எதிரில் நிற்கிறவன் என்னதான் செய்வது? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, சேர்த்துடலாம். எப்படின்னு சொல்லுங்க, நானே பண்றேன்."

தில்ஷாத் சொல்லச் சொல்ல, கட்டளையை அடித்தார். கடைசிப் பொத்தானை அமுக்கப் போகும்போது தில்ஷாத் கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க. இப்பச் சேர்த்தா, நீங்க எழுதின ஃபைல் என்னாகும்?"

"போயிடும்."

"போகாது. பெட்டி வந்து அதுக்கு மேல நிக்கும். திறந்து பார்க்கறவங்களுக்கு டிசைன்தான் தெரியும். நீங்க எழுதினது அடியில அப்படியே இருக்கும்."

"யாருக்கும் தெரியாதில்ல?"

"தெரியாது."

மாதேஸ்வரன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலி ஃபோல்டரில் அந்த ஒரு ஃபைல். அதை அழித்தார். அழித்துவிட்டு மறுபடி ஒருமுறை திறந்து, ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் பொத்தானை அமுக்கினார்.

ஃபோல்டர் நிறைந்தது. அவர் தன் ஃபோனை எடுத்துச் சங்கத்தின் பக்கத்தில் தீபாவளி நம்பரைத் தட்டினார். டிசைன் வந்தது.

"இனிமே பெட்டி சேராம சர்வர் வேலையை ஆரம்பிக்கக் கூடாது டீச்சரம்மா. காத்துட்டு நிக்கட்டும்."

"நிக்க வைக்கலாம். அதுக்குள்ள யாராவது நம்பரைத் தட்டினா என்ன சொல்லணும்?"

"இல்லைன்னு…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"தெரியலைன்னு சொல்லட்டும்" என்றார் தில்ஷாத்.

இரண்டு பேரும் உட்கார்ந்து அதை எழுதி முடித்தார்கள். அதற்குள் வெளியே முதல் தறிச் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. முற்றத்தில் விசிலடித்தார்கள். பென் டிரைவை ஆட்டிக்கொண்டு ஆட்கள் அங்குமிங்கும் ஓடினார்கள். தலைவர் ராஜகணபதி வாயெல்லாம் பல்லாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கிடைச்சிடுச்சா! அப்பாடா! சரி, ஸ்டேஷனுக்கு அலையற வேலை மிச்சம். பொம்பளைப் புள்ளை விஷயம், இதோட விட்டுடலாம். சாவியை மாத்திரம் வேற ஆள்கிட்டக் கொடுத்துடுவோம்."

"தலைவரே, அது வந்து…" என்றார் மாதேஸ்வரன்.

"ஒண்ணும் பேசாதீங்க. இந்தச் சங்கத்துக்கு நீங்க செஞ்சதை நாங்க மறக்க மாட்டோம். அவ அழிச்சதை அப்படியே மீட்டுக் கொண்டாந்துட்டீங்களே!"

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். முற்றத்தில் போய் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னது கேட்டது. அவ அழிச்சதை மாதேஸ் மீட்டுட்டார்! யாரோ கை தட்டினார்கள். மாதேஸு, மாதேஸு என்று கூப்பிட்டார்கள். வெளியே வரச் சொன்னார்கள். மாலை வாங்கி வரச் சொல்லுங்கப்பா என்று ஒருத்தர் சிரித்தார்.

மாதேஸ்வரன் எழுந்திருக்கவில்லை. அவருக்கு இப்போதும் கோபம்தான். தலைவர் மேல், கை தட்டினவர்கள் மேல், காலையில் போய்ப் போய் வந்த கரண்ட் மேல். ஒவ்வொரு ஆளாக மனசுக்குள் திட்டிப் பார்த்தார். யார் மேலேயும் அது ரொம்ப நேரம் நிற்கவில்லை. காலையில் அந்தப் பெண் ஈரத் தலையோடு நின்றதுதான் கண் முன்னால் வந்து வந்து நின்றது. ரூமைத் திறக்கறேன், வந்து பாருங்க என்று கூப்பிட்டாளே. போயிருந்தால் நாலு நிமிஷ நடை.

"எல்லாருந்தான் சொன்னாங்க. நான் மட்டுமா சொன்னேன்?" என்றார் திடீரென்று.

தில்ஷாத் மேஜை மேல் இருந்த தன் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"திருடின்னு சொன்னது நான்தான். ஒத்துக்கறேன். அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லாம இருக்கறதுதான் எனக்கு எரிச்சலா இருக்குது!"

வெளியே மறுபடி அவர் பேரைக் கூப்பிட்டார்கள். கதவைத் தட்டவே தட்டினார்கள். இதோ வர்றேன் என்று உள்ளே இருந்தே அதட்டினார். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். டிசைன் ரூம் சாவியை மேஜையிலிருந்து எடுத்தார். முன்கதவுப் பக்கம் ஓரடி வைத்துவிட்டு, திரும்பிப் பின்கதவைப் பார்த்தார். அந்தக் கதவைத் திறந்தால் சந்து. சந்து வழியாகப் போனால் ஒருத்தர் கண்ணிலும் படாமல் கோயில் தெருவுக்குப் போய்விடலாம்.

"டீச்சரம்மா, நான் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போறேன்."

"போங்கண்ணா."

"இந்தப் பக்கமா போயிடறேன். இவங்க கூச்சல்ல மாட்டினா இன்னைக்கு விட மாட்டாங்க." சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "போய்ச் சாவியைக் கொடுத்துட்டு, டிசைனெல்லாம் பத்திரமா இருக்கும்மா, நீ எதையும் எடுக்கலைன்னு சொல்லிட்டு வந்துடறேன். அவ காலைத் தொடச் சொன்னாக்கூடத் தொட்டுடறேன்."

தில்ஷாத் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அவ எடுக்கலைன்னு அவளுக்குத் தெரியும்ண்ணா. தெரியாதவங்க எல்லாம் முன்வாசல்ல நிக்கறாங்க."